வேறொருவர் கணக்கில் போன வீடு

அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். பேர் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'லிஃப்ட்காரர்' என்றால்தான் தெரியும். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அலறுபவர்களிடம், "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று பேச்சுக் கொடுத்தபடியே கதவைத் திறப்பார்.

ஒன்பது வருடமாக வீட்டுக் கடன் தவணையை ஒரு மாதம்கூட அவர் தள்ளிப்போட்டதில்லை. வங்கியில் யாரோ ஓர் எண்ணை மாற்றித் தட்டியதில் கடைசி வருடப் பணம் முழுக்க வேறொருவர் கணக்கில் போய் விழுந்தது. நோட்டீஸெல்லாம் பழைய வாடகை வீட்டு முகவரிக்குப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, கதவுக்கு சீல் வெச்சுட்டாங்க. பாப்பாவோட யூனிஃபார்ம்கூட உள்ள மாட்டிக்கிச்சு."

அடித்துப்பிடித்து வங்கிக்கு ஓடினார்.

"பணம் கட்டின ரசீதைக் காட்டுங்க" என்றார் மேலாளர்.

"அது வீட்டுக்குள்ள இருக்கு சார். நீங்கதானே பூட்டியிருக்கீங்க?"

"திறக்கணும்னா மேலிடத்துல அனுமதி வாங்கணும்."

அனுமதி வரப் பதினான்கு மாதம் ஆனது.

மனைவியும் மகளும் வெளியூரில் இருந்த அவள் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். மச்சான் இவரையும்தான் கூப்பிட்டார். வேலையை விட்டுவிட்டு எப்படிப் போவது? கம்பெனி கிடங்கின் மாடியறையில் படுத்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் போன். முதலில் மகள் அரை மணி நேரம் பேசினாள். பிறகு பத்து நிமிடம். பிறகு, "சாப்டீங்களாப்பா?" என்பதோடு சரி.

லிஃப்டில் மாட்டியவர்களிடம் அவர் பேச்சு நீண்டுகொண்டே போனது. ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அண்ணே, கதவு திறந்து ரொம்ப நேரமாச்சு. நான் போகலாமா?"

ஒருவழியாக வங்கி தன் தவறை ஒப்புக்கொண்டு, வருத்தக் கடிதத்தோடு சாவியைத் தந்தது. அன்றே மனைவிக்குச் சொன்னார்.

"பாப்பாவுக்கு இந்தப் பள்ளிக்கூடம் பிடிச்சுப்போச்சுங்க. எனக்கும் இப்பத்தான் தையல் கம்பெனில சூப்பர்வைசர் வேலை குடுத்திருக்காங்க. பரீட்சை முடியட்டுமே."

"முடியட்டும்" என்றார்.

பரீட்சை முடிந்து இருவரும் வந்தார்கள். அதற்குள் அவர் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒழுகிய குழாயை மாற்றி, மகளின் மேசையைத் துடைத்து வைத்திருந்தார். மூன்றாம் நாள் அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது கூடத்தில் மகளின் குரல் கேட்டது.

"அம்மா, நாம எப்ப வீட்டுக்குப் போறோம்?"

மனைவி அவளை அதட்டினாள். அவர் காதில் விழாததுபோல நறுக்கிக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு அவரே இரண்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்.