பின்கண்ணாடிக்கு என்ன கோளாறு?

போன ஞாயிற்றுக்கிழமை கீரிப்பாறை ரோட்டில் ஒரு குழந்தை மேல் காரை மோதியிருப்பேன். நல்லவேளை... மோதவில்லை.

ரப்பர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் மைத்துனர் வீட்டிலிருந்து நானும் மனைவி ஸ்டெல்லாவும் மழையில் திரும்பிக்கொண்டிருந்தோம். குறுகலான ரோடு. எதிரே எஸ்டேட் பஸ். பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொல்ல முடியுமா? நான்தான் எடுத்தேன்.

பின்கண்ணாடி முழுக்க ஆவி. டீஃபாகர் சுவிட்சைப் போட்டேன் — கண்ணாடியில் கோடு கோடாக இருக்குமே, அது சூடாகி ஆவியைப் போக்கும். சுவிட்சில் விளக்கு எரிந்தது. கண்ணாடி தெளியவில்லை. ஒரு குருட்டுத் தைரியத்தில் ரிவர்ஸ் எடுத்தேன்.

விடாமல் ஒரு ஹார்ன். கூடவே அலறல்.

"ஏலே, பெறகே ஆளு நிக்கது தெரியலியா?"

இறங்கி ஓடினேன். என் பம்பருக்கும் பின்னால் நின்ற ஒரு பைக்குக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். பைக்கில், அலறிய அப்பாவுக்கு முன்னால், மஞ்சள் ரெயின்கோட்டில் ஒரு சின்னப் பெண். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஸாரி" என்றேன்.

"ஸாரி கெடக்கட்டும் சாரே. மொதல்ல கண்ணாடிய சரியாக்கும்."

மறுநாள் கார் விஷயம் தெரிந்த நண்பருக்கு போன் போட்டேன். "கண்ணாடியையே மாத்தணும்" என்றார் — காரைப் பார்க்காமலே!

ஸ்டெல்லா ஸ்கூலில் பிசிக்ஸ் எடுப்பவள். "மாத்துகது பெறவு. என்ன கோளாறுன்னு பாப்போம்" என்றாள்.

ஃபியூஸைப் பார்த்தோம். நன்றாகவே இருந்தது. இன்ஜினை ஓடவிட்டு, சுவிட்சைப் போட்டு, சற்றுப் பொறுத்து, கண்ணாடியின் உள்பக்கம் ஊதச் சொன்னாள். ஊதினேன். ஆவி அப்படியே நின்றது.

"ஒரு கோடு அறுந்தா அந்த எடம் மட்டும்தான் தெளியாது. இஞ்ச ஒண்ணுமே தெளியல்லியே! அப்ப கரண்டு வாற வழியிலதான் பிரச்சினை."

அப்படியேதான். கண்ணாடி ஓரத்தில் ஒரு ஒயர் கழன்று தொங்கியது. இடித்துக் கழற்றியது யார்? டிக்கியில் நாங்கள் ஏற்றி வந்த சக்கை — அதாவது, பலாப்பழம்!

"பாத்தியா, ஒங்க அண்ணன் தந்த சக்கை செய்த வேலைய!"

"அண்ணன் தந்தாவ, சரி. கண்ணாடியில முட்டும்படி வச்சது ஆரு?"

வண்டியை அணைத்து, ஒயரைச் செருகி, மறுபடி ஸ்டார்ட் செய்து ஊதினேன். கோடு கோடாகத் தெளிந்து, தெரு முழுசாகத் தெரிந்தது. ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு. எனக்கோ அந்த மஞ்சள் ரெயின்கோட்டு ஞாபகம்.

ஒயர் கழன்றால் செருகிவிடலாம். மழையில் இறங்கிப் பின்னால் பார்க்கச் சோம்பிய ஆளை எந்த ஒர்க்‌ஷாப்பில் விடுவது?