தேயாத பூட்ஸ்

சனிக்கிழமை மத்தியானம் பூட்ஸுக்கு விளக்கெண்ணெய் போடுவது இருளம்மாளின் வேலை. பதினோரு ஜோடி. அடுப்படிக்கு வெளியே சாக்கை விரித்து உட்கார்ந்து, பழைய சீலைத் துண்டை எண்ணெயில் முக்கி, தோல் இளகும்வரை தேய்ப்பாள். எண்ணெய் காணாத தோல் கரிசல் தரை மாதிரி வெடித்துவிடும் என்று கணவர் உக்கிரபாண்டி சொல்லியிருந்தார். சொல்வது அவர், தேய்ப்பது இவள். சீயக்காய் போட்டுக் கழுவினாலும் கையைவிட்டு அந்த வாடை போகாது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கு அரைக்கும்போது மசாலாவை ஒரு தடவை முகர்ந்து பார்த்துக்கொள்வாள்.

1960-ம் வருஷம், ஆனி மாதம். ஏழாவது ஜோடியைக் கையில் எடுத்தவள் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். மற்ற பூட்ஸ்களில் அடியில் இருந்த தோல் குமிழ்கள் பாதி தேய்ந்துபோயிருந்தன. இதில் ஏறக்குறையக் கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்தபடியே இருந்தன.

"ஏங்க, இது யாரோடது?"

"ஊர்க்காவலனோடது. ஏன்?"

"இதைப் போட்டு அவன் நடக்கவே இல்லையே."

உக்கிரபாண்டி எழுந்து வந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. "மூணு மாசமா மைதானத்துல கால்ல கொப்புளம், கால்ல கொப்புளம்னு நொண்டிக்கிட்டுத் திரியுறான். நடந்து பழக்குலேன்னு எத்தனை தடவை சொன்னேன். சோம்பேறிப் பய!"

சட்டைப் பையிலிருந்து காகிதத்தையும் பென்சிலையும் எடுத்தார். இன்னும் இருபது நாளில் வரும் மதுரைப் போட்டிக்குப் போகும் பதினோரு பேரின் பட்டியல் அது. திங்கட்கிழமை முதலாளியிடம் கொடுக்க வேண்டும்.

உக்கிரபாண்டி விசில் ஊதியது மொத்தம் பதினாறு வருஷம். பள்ளிக்கூடத்தில் ஏழு, கம்பெனியில் அறுபத்தேழு வரை ஒன்பது. பட்டாளத்தில் பந்தாட்டம் பழகி, நாற்பத்தாறில் ஊருக்குத் திரும்பியபோது அவர் கொண்டுவந்தவை ஒரு தகரப் பெட்டி, ஒரு விசில், ஒரு ஜோடி பூட்ஸ். அந்த பூட்ஸோடு தெருவில் நடந்து வந்தவரைப் பார்த்து அவர் அண்ணன் சோலைச்சாமி, "ஏலே, லாடம் கட்டுன மாடுல்ல வருதுன்னு நெனச்சேன்!" என்று சிரித்தார். தெருவே சிரித்தது.

ஐம்பத்தொன்றில் விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார் வேலை கிடைத்தது. மைதானத்துக்கு மேற்கே மிளகாய் மண்டி. மேல்காற்று அடித்தால் மைதானம் முழுக்கக் காரம். உள்ளூர்ப் பையன்களுக்கு அது பழகிப்போனது. வெளியூரிலிருந்து வந்து கோல் காக்கும் கோலிதான் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பான். அவன் தும்முகிற நேரம் பார்த்துப் பந்தை அடிக்க நம் பையன்கள் தாங்களாகவே கற்றுக்கொண்டார்கள். "இதை நான் சொல்லிக் கொடுக்கல" என்று உக்கிரபாண்டி எல்லோரிடமும் சத்தியம் செய்வார். ஆனால் மேல்காற்று அடிக்கிற மாதமாகப் பார்த்துத்தான் வெளியூர் டீம்களை அழைப்பார்.

ஒருத்தன் காலிலும் பூட்ஸ் கிடையாது. மழை பெய்தால் கரிசல் மண் பாதத்தில் அப்பி, ஆளுக்கு இரண்டு படி மண்ணைச் சுமந்துகொண்டு ஓடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் குச்சியால் அதைச் சுரண்டிக்கொண்டே ஒருத்தனை ஒருத்தன் கேலி செய்யும் சத்தம் ரயில்வே கேட் வரை கேட்கும். "பந்தை உதைச்சா பரிச்சையில பாஸ் போடுவாகளா வாத்தியாரே?" என்று கேட்டு வந்த தகப்பன்மார்களே மகன் கோல் போட்ட அன்று துண்டைத் தலைக்குமேல் சுழற்றினார்கள். ஏழு வருஷத்தில் மூன்று கோப்பை. உக்கிரபாண்டியின் வாழ்க்கையில் நல்ல வருஷங்கள் அவைதான் என்று இருளம்மாள் பிற்பாடும் சொல்வாள். அப்போது துவைக்க பனியன் மட்டும்தான் இருந்தது.

ஐம்பத்தெட்டில் சிவகாசித் தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றின் முதலாளி ஆள் அனுப்பினார். அவர் தன் தீப்பெட்டி லேபிளில் பந்தாட்டக்காரன் படம் போட்டிருந்தார். படம் நன்றாக விற்றது. படம் இருந்தால் டீமும் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஆடுகிறவர்களுக்குக் கம்பெனியில் வேலை. போட்டிக்குப் போகும் பதினோரு பேருக்கு மட்டும் நிரந்தர வேலை. பந்தை உதைக்கச் சம்பளமா என்று சிவகாசியே வாய்பிளந்தது. பள்ளிக்கூட வேலை வேண்டாமென்று உக்கிரபாண்டி எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அன்றிலிருந்து இரண்டு நாள் இருளம்மாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாமான்களைக் கட்டினாள்.

ஊர்க்காவலன் அந்தக் கம்பெனியில் தினக்கூலிக்கு லோடு ஏற்றியவன். உக்கிரபாண்டியின் ஊர்தான், கீழக்கடைசிக் குடியிருப்பு. நகர்ந்துவிட்ட லாரியை ஒருநாள் அவன் விரட்டிப் பிடித்து ஏறியதைப் பார்த்துவிட்டு உக்கிரபாண்டி அவனை மைதானத்துக்குக் கூட்டி வந்தார். வெறுங்காலில் இடது ஓரத்தில் பந்தைக் கொண்டுபோனால் அவனைத் தொட ஆள் இல்லை. பூட்ஸை மாட்டினால் சேற்றில் விழுந்த கோழி. மதுரையிலோ பூட்ஸ் இல்லாமல் இறங்க முடியாது என்று விதி வந்துவிட்டது. அதனால்தான் எல்லோருக்கும் அந்த உத்தரவு: காலையும் மாலையும் பூட்ஸோடு நடந்து வர வேண்டும், நடந்து போக வேண்டும். ஊர்க்காவலனுக்கு ஊரிலிருந்து பஸ் ரோடு வரை இரண்டு மைல். அங்கே கம்பெனி லாரி ஏற்றிக்கொள்ளும்.

உக்கிரபாண்டி அவன் பெயர்மேல் பென்சிலை வைத்தார்.

"அவன் எந்த வழியா ரோட்டுக்கு வரணும்?" என்றாள் இருளம்மாள், எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தபடி.

"நம்ம தெரு வழியாத்தான். பெறகு நம்ம காட்டு வழி. வேற பாதை ஏது?"

சொன்னவர் அப்படியே நின்றார்.

"நம்ம தெருவுல அவுக ஆளுக செருப்புப் போட்டு நடந்து எப்பவாச்சும் பாத்திருக்கீகளா?"

"எங்கிட்ட அவன் சொல்லவே இல்லையே."

"என்னன்னு சொல்லுவான்? உங்க அண்ணன் வாசலத் தாண்டுறதுக்கு முன்ன கழட்டிக் கையில எடுத்துக்கிடுதேன்னா? நீங்க பொறந்த தெருதான? உங்களுக்குத் தெரியாதாக்கும்!"

அவள் எட்டாவது ஜோடியை எடுத்தாள். உக்கிரபாண்டி பென்சிலைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலைப் பயிற்சி முடிந்ததும் ஊர்க்காவலனை மட்டும் நிறுத்தினார்.

"ரோடு வரைக்கும் பூட்ஸை என்னலே பண்ணுத?"

ஊர்க்காவலன் தரையைப் பார்த்தான். "துண்டுல சுத்திக் கக்கத்துல வச்சுக்கிடுவேன் சார்."

"ரோட்டுக்கு வந்து மாட்டிக்கிடலாம்ல?"

"அதுக்குள்ள லாரி வந்துருமே சார். கயிறு கட்டுற வரைக்கும் டிரைவரு நிப்பாரா?"

"கம்பெனியில ரூம் வாங்கித் தாரேன். இருபது நாள் இங்கனயே இரு."

"எம் வீட்டுக்காரி சோலையம்மாளுக்கு இது ஏழாம் மாசம் சார். வீட்ல வேற ஆளில்ல."

உக்கிரபாண்டிக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. "அப்ப நாளைக்கு நான் ஊருக்கு வாரேன். நீ பூட்ஸைப் போட்டுக்கிட்டு நட. நான் உன்கூட நடக்கேன். எவன் என்ன சொல்லுதான்னு பாப்போம்."

"நீங்க ஒரு நாளைக்கு வருவீக சார்," என்றான் ஊர்க்காவலன். "மறுநாளு?"

குத்தலாகக் கேட்கவில்லை. நாளைக்கு எந்தப் பக்கம் ஆடட்டும் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டான். உக்கிரபாண்டி வாயில் விசிலை வைத்தார், ஊதாமலே எடுத்தார்.

வீட்டுக்குப் போனார். பட்டியலில் ஊர்க்காவலன் பெயர் அடிபடாமல் இருந்தது. திங்கட்கிழமைவரை காத்திராமல் முதலாளி வீட்டில் அதைக் கொடுத்துவிட்டு, அங்கிருந்தே சைக்கிளை ஊருக்கு மிதித்தார். போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று.

சோலைச்சாமி உள்ளறையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்தத் தெருவில் அவர் சொன்னதுதான் சொல். "வாலே, கை கழுவு. கோழிக்கறி," என்றார்.

"அண்ணே, முதல்ல ஒரு சேதி."

உக்கிரபாண்டி நின்றபடியே சொல்லி முடித்தார். சோலைச்சாமி எலும்பை இலை ஓரத்தில் ஒதுக்கினார்.

"ஒரு பய காலுக்காக ஊரு வழக்கத்தை மாத்தணுமாக்கும்?"

"பூட்ஸு அவனோடது இல்லண்ணே. கம்பெனியோடது." சொன்ன உடனே அந்தப் பேச்சு உக்கிரபாண்டிக்கே பிடிக்கவில்லை.

"அப்ப கம்பெனியிலயே போடட்டும்."

"அதுக்கு நேரமில்ல. இருபது நாள்ல கால் பழகலைன்னா மதுரையில அவன் நொண்டுவான். வேலை நிலைக்காது. பழையபடி லோடுதான்." குரலைத் தணித்தார். "பட்டியலைக் கொடுத்துட்டேண்ணே. நாளையிலேருந்து தினம் அவன் நம்ம தெருவுல பூட்ஸோட வருவான். நான் எல்லா நாளும் வந்து நிக்க முடியாது. நீங்க வாசல்ல நின்னா ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். நிப்பீகளா?"

சோலைச்சாமி இலையை மடித்தார். அதில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. ஒரு கையை முழங்காலில் ஊன்றி எழுந்தார். தம்பியைத் தாண்டி, குனிந்து நிலையைக் கடந்து, பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.