குரங்கின் மேல் வழக்குப் போடாதவர்

சங்கரலிங்கம் ஐயா காலமான செய்தியை, மேலகரத்திலிருந்து சைக்கிளில் வந்த எங்கள் பியூன் இசக்கி கொண்டுவந்தார். "பெரியய்யா விடியக்காலம் போயிட்டாவ" என்றார். நான் கையிலிருந்த சோதனைக் குழாயின் வாயை ஸ்பிரிட் விளக்கில் காட்டி, பஞ்சால் அடைத்து வைத்த பிறகுதான் எழுந்தேன். யார் செத்தாலும் குழாயைத் திறந்து போடக் கூடாது என்று பழக்கியவர் அவர்தான். அழுகை வரவில்லை. இரங்கல் கூட்டத்தில் அவரைக் குற்றாலத்துத் தண்ணீருக்குக் காவல் இருந்தவர் என்று புகழ்ந்தீர்கள். அங்கே வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது உங்கள் நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரச் சொல்லி நீங்களே கேட்டிருக்கிறீர்கள். செத்தவரைக் குறை சொல்லலாமா என்று முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளட்டும்.

தென்காசியில் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம் இருந்தது. அவர் தலைவர், நான் உதவியாளன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், திறந்திருந்த குழாய்களுக்கு முன்னால் இருமிவிட்டேன். காலையிலிருந்து செய்த வேலை முழுவதையும் அவர் சாக்கடையில் கொட்டினார். "உன் வாயில கிடக்கதை ஊர்த் தண்ணின்னு எழுதப் போறியாலே?" என்றார். அன்று அவர்மேல் எனக்கு வந்த மரியாதை உண்மையானது. அதனால்தான் பின்னால் வந்த கோபம் இவ்வளவு நாளாகியும் ஆறவில்லை.

எங்கள் சோதனை எளிதானது. தண்ணீரில் ஒவ்வொரு நோய்க்கிருமியாகத் தேடிக்கொண்டிருக்க முடியாது. குடலில் வாழும் ஒரு சாதாரணக் கிருமியைத்தான் தேடுவோம். ஊதா நிறக் கரைசலில் தண்ணீரை விட்டுச் சூட்டில் வைத்தால், அந்தக் கிருமி இருக்கும் குழாய் மஞ்சளாகி வாயு சேரும். தண்ணீரில் மலம் கலந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். யாருடைய மலம் என்று மட்டும் அந்தக் குழாய் சொல்லாது.

ஒரு சீசனில் மலையடிவாரத்து ஊற்றிலிருந்து குழாய் வழியாக வந்த தண்ணீரைக் குடித்தவர்களுக்கு வாந்தி பேதி கண்டது. நாங்கள் ஏறிப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தோம். சோதனைக் குழாய்கள் எல்லாம் மஞ்சளாகின. ஊற்றுக்கு மேலே, தேனும் சாம்பிராணியும் எடுக்கிறவர்களின் நாலு குடிசைகள் இருந்தன. "மலம் இருக்குன்னு குழாய் சொல்லுது. மேல மனுசன் இருக்கான். இன்னும் என்னலே வேணும்?" என்றார் ஐயா. மனிதக் கழிவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாக்கடை ஓடும் பட்டணத்துக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். அதைக் காட்டுக்குள்ளும் அப்படியே தூக்கிக்கொண்டு போனார்.

அந்த அறிக்கையை வைத்துக் குடிசைகளைப் பிரிக்க ஆட்கள் போனபோது நானும் இருந்தேன். அங்கே குடியிருந்த வேலு என்பவர் ஐயாவின் முன்னால் வந்து நின்றார். "நாங்க குடிக்கதும் அந்தத் தண்ணிதான் சாமி. அதுல போயி அசிங்கம் பண்ணுவமா?" என்று கேட்டார். ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் அந்த நாலு குடும்பங்களும் ரோட்டோரத்துக்கு வந்துவிட்டன.

அடுத்த சீசனிலும் ஊற்றுத் தண்ணீர் குழாயை மஞ்சளாக்கியது. மேலே ஒரு மனிதர்கூட இல்லை. நான் தனியாக ஏறிப் பார்த்தேன். ஊற்றின்மேல் சாய்ந்திருந்த அத்திமரம் முழுக்கக் குரங்குகள். பாறையெல்லாம் அவற்றின் கழிவு. மழைத் தண்ணீர் அதைக் கழுவி நேராக ஊற்றுக்குள் கொண்டுபோனது. அந்தக் கழிவைக் கொஞ்சம் எடுத்துவந்து, கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரில் கரைத்துச் சோதித்தேன். அதே மஞ்சள், அதே வாயு. குழாய்களை ஐயாவின் மேஜையில் வைத்தேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. தொழில் தெரிந்தவர்தானே!

"குரங்கு மேல கேஸ் போடச் சொல்லுதியாலே?"

"அவங்க மேல போட்டதை எடுங்கய்யா, போதும்."

"எழுதினது எழுதினதுதான். நான் மாத்தி எழுதினா நாளைக்கு எவன் நம்ம சோதனையை நம்புவான்?"

அன்றைக்கே ஊற்றுத் தண்ணீர் சேரும் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட ஏற்பாடு செய்தார். தண்ணீர் சுத்தமானது. நீங்கள் மேடையில் புகழ்ந்தது இதைத்தான், அதில் பொய்யில்லை. அந்தப் பவுடரை முதல் வருஷமே போட்டிருக்கலாம். அதற்கு யார் வீட்டையும் பிரிக்க வேண்டியிருந்திருக்காது. இருமலுக்காக ஒரு காலை வேலையைச் சாக்கடையில் கொட்டிய மனிதருக்கு, நாலு குடும்பத்துக்காக ஒரு வரியை அடிக்கக் கை வரவில்லை. இதை நான் மன்னிக்கவில்லை. அவர் போய்விட்டார் என்பதற்காக மன்னிக்கப்போவதும் இல்லை.

உங்கள் கூட்டம் முடிந்து திரும்பும்போது, குற்றாலம் ரோட்டில் வேலு ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார். சைக்கிளை நிறுத்தி, "ஐயா போயிட்டாவ, அண்ணாச்சி" என்றேன்.

"எந்த ஐயா?"

"உங்களைக் கீழ எறக்கினவரு."

சுத்தியலைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. மலைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"அப்போ, நாங்க இனி மேல போலாமாய்யா?"

பரிசோதனைக்கூடத்தில் ஐயாவின் நாற்காலியில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நாற்காலியும், அவர் பழக்கிய சுத்தமான கையும்தான் எனக்கு அவரிடமிருந்து வந்தவை என்று நினைத்திருந்தேன். வேலுவுக்குச் சொல்ல வேண்டிய பதிலையும் என் தலையில் கட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார்.