மேடு வந்தால் இறங்கு

அந்தத் தெருவில் பிரேக் வாத்தியார் என்று கேட்டால்தான் ஆளைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே தலையைச் சொறிவார். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே காலம் தள்ளியவர் அவர். கற்றுக்கொடுத்தார் என்பதைவிட, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை அமுக்கினார் என்பதுதான் பொருத்தம். அவர் காரில் இரண்டு செட் மிதிகள். ஓட்டுகிறவர் காலடியில் வழக்கமான மூன்று. வாத்தியார் பக்கத்தில் இரண்டு: உள்பக்கம் பிரேக், கதவோரம் க்ளட்ச். ஊரில் பாதிப் பேர் உயிரோடு நடமாடுவதற்கு வாத்தியாரின் வலது கால்தான் காரணம் என்று டீக்கடையில் பேச்சு. அவரும் அதை மறுத்ததில்லை.

ஸ்கூலை இழுத்து மூடியபோது, எப்போதும் ராத்திரி அவர் வீட்டில்தான் நின்றது என்பதால், முதலாளி அந்தக் காரை அவரிடமே கொடுத்துவிட்டார். நாலு சிலிண்டர் எஞ்சின், நல்ல உழைப்பாளி. கூரையில் போர்டு கழற்றிய ஓட்டைகளை மெழுகு வைத்து அடைத்தார். பழைய வேலைக்காரனுக்குப் புதுச் சட்டை எடுத்துக் கொடுப்பதுபோல எல்லா மிதிக்கும் புது ரப்பர் போட்டார். அந்தப் பக்கத்து இரண்டையும் கழற்றிவிடலாமே என்று கேட்டவர்களிடம், இத்தனை நாள் சோறு போட்டதைக் கழற்றி எறிய மனசு வரவில்லை என்றார்.

சோறு மட்டுமா போட்டது? பெண்டாட்டியையும் அதுதான் கொண்டுவந்து சேர்த்தது. வாத்தியாரம்மா அவரிடம் ஓட்டப் பழக வந்தவர். லைசென்ஸ் வாங்க வந்து வாத்தியாரை வாங்கிக்கொண்டு போனாள் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். கல்யாணமாகியும் கொஞ்ச நாள் வாய் தவறி அவரை "சார்" என்றே கூப்பிட்டு, பந்தியில் இருந்தவர்களுக்கெல்லாம் புரையேற வைத்திருக்கிறார். லைசென்ஸ் மட்டும் இன்றுவரை வாங்கவில்லை.

வீடு ஒரு மேட்டின் உச்சியில். பெரிய சாலையிலிருந்து தையல் கடையை ஒட்டித் திரும்பினால் தெரு அப்படியே நிமிர்ந்து நிற்கும். வாத்தியார் தனியாக வந்தால் கார் முனகாமல் ஏறிவிடும். பக்கத்தில் வாத்தியாரம்மா இருந்தால் போச்சு. எஞ்சின் கத்தும், கார் நகராது. பாதி மேட்டில் நின்றுவிடும். இத்தனைக்கும் கல்யாணமான புதிதில் அந்தம்மா காற்றடித்தால் கொடியில் தொங்கும் துணியோடு சேர்ந்து ஆடுகிற உடம்பு. காருக்கு அதுவே பாரமாக இருந்ததுதான் யாருக்கும் புரியவில்லை.

புரியாவிட்டால் என்ன, வழக்கமாகிவிட்டது. மேடு வந்தால் இறங்கு. தையல் கடை வாசலில் அம்மா இறங்கிக்கொள்வார். வாத்தியார் மேலே போய் கேட்டைத் திறந்து, காரை உள்ளே விட்டு, அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, மறுபடி கேட்டுக்கு வந்து நிற்பார். அம்மா தையல்காரியிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு ஆடி அசைந்து ஏறி வருவார். மேட்டு விளிம்பில் முதலில் தலை தெரியும், அப்புறம் முகம், அப்புறம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே வருகிற முழு ஆள். எந்த வீட்டில் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யார் ஜாக்கெட்டில் யார் துணியை வைத்துத் தைத்தார்கள், எல்லாம் டீ ஆறுவதற்குள் அவர் காதுக்கு வந்துவிடும். சின்ன வயதில் மகள், அப்பாக்கள் அம்மாக்களைக் காரிலிருந்து இறக்கிவிட்டு வருவதுதான் உலக வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நடைக்கு அம்மாவின் முழங்கால் முற்றுப்புள்ளி வைத்தது. ஆபரேஷன் முடிந்து படி, மேடு எதுவும் ஏறக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து மகள் வந்து பார்த்துவிட்டு இன்னும் கறாராகச் சொன்னாள். அடுத்த தடவை அவள் வரும்போது இந்தக் கார் அம்மாவை வீட்டு வாசல்வரை ஏற்றிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் காயலான் கடைக்குத்தான். அதற்கான ஆளையும் கையோடு கூட்டி வந்திருந்தாள். அவன் காரைச் சுற்றி வந்து, மாட்டுச் சந்தையில் பல் பார்ப்பதுபோலக் கதவைத் திறந்து மூடி, கூரையில் இரண்டு தட்டுத் தட்டினான். தட்டு வாத்தியாரின் மண்டையில் விழுந்ததுபோல இருந்தது. பெண்டாட்டியை முதன்முதலாகப் பார்த்த இடத்தை யாராவது எடைக்குப் போடுவார்களா?

வாத்தியார் நேராக மைத்துனனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். வாத்தியாரம்மாவின் தம்பி. கை சுத்தமான மெக்கானிக், வாய்தான் கொஞ்சம் அகலம். ஒரு வேலை செய்தால் அதைப் பற்றி ஏழு தெருவுக்குச் சொல்லாமல் கை கழுவ மாட்டான்.

"அக்காவை ஏத்தணும், அவ்வளவுதானே மாமா? எஞ்சினுக்கு மூச்சு பத்தல. மூச்சைக் கூட்டிருவோம்" என்றான்.

மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்த ஒன்றை இழுத்து வெளியே போட்டான். இதே எஞ்சினுக்கென்று செய்த சூப்பர்சார்ஜர் கிட். பந்தயம் விடுகிறேன் என்று எவனோ வாங்கி வந்து, பெண்டாட்டி கண்ணை உருட்டியதும் விட்டுவிட்டுப் போனதாம். எஞ்சின் தானாக இழுக்கிற காற்று கொஞ்சம்தான், இது பெல்ட்டில் சுழன்று காற்றை அமுக்கி உள்ளே தள்ளும், காற்றும் பெட்ரோலும் கூடினால் பலமும் கூடும் என்று விளக்கினான். வாத்தியாருக்கு விளங்கியது ஒன்றுதான்: வாழ்நாளெல்லாம் பிரேக் போட்டவன் கடைசியில் ஆக்ஸிலேட்டருக்குக் காவடி தூக்குகிறான்.

வேலை இழுத்துக்கொண்டே போனது. கிட்டோடு வந்த தாங்கி துருப்பிடித்திருந்ததால் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டியிருந்தது. பெல்ட் கோணலாக ஓடிப் பிசிறு கொட்டியது. மைத்துனன் ஒரு புல்லியிலிருந்து இன்னொன்றுக்கு நூல் கட்டிப் பார்த்து, பின்னால் ஒரு மெல்லிய வாஷரைக் கொடுத்து நேராக்கினான். எஞ்சின் கடகடவென்று இடிக்காமல் இருக்கத் தீப்பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். கார்புரேட்டரில் பெட்ரோல் ஓட்டையைப் பெரிதாக்கினான். பானெட் மூடவில்லை. அதில் சதுரமாக வெட்டியபோது வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மாட்டி முடித்ததும் மைத்துனன் ஓட்டினான், வாத்தியார் பக்கத்தில். சூப்பர்சார்ஜர் கொதிக்கிற கெட்டில் மாதிரி ஊளையிட, கார் மேட்டை ஒரே மூச்சில் ஏறியது. பழக்கதோஷத்தில் வாத்தியார் பிரேக்கை அமுக்கப் போனதும் மைத்துனன் அவர் முழங்காலைத் தட்டிவிட்டான். இறங்கி வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு வாத்தியார் ஓட்டினார். பாதி மேட்டில் எஞ்சின் காது கிழியக் கத்தியது, கருகல் வாடை அடித்தது, கார் நின்றது.

மைத்துனனுக்கு முகம் தொங்கிவிட்டது. க்ளட்ச் பிளேட்டைக் கழற்றினால் அப்பளமாகத் தேய்ந்திருந்தது. அந்தக் கார் எப்போதுமே பிளேட்டைச் சீக்கிரம் தின்னும். பழக வந்தவர்கள் தேய்த்தது என்று வாத்தியார் அந்தக் காலத்தில் சொல்வார். ஸ்கூல் மூடிய பிறகும் தேய்ந்தபோது, பழைய பாவம் என்றார். புதுப் பிளேட் போட்டார்கள். அம்மா இருக்கும் சீட்டில் சிமெண்ட் மூட்டைகளை அடுக்கினார்கள். கார் பறந்தது. மூட்டைகளை இறக்கி அம்மாவை ஏற்றினார்கள். நின்றது.

"அக்கா, இந்தக் கார் உன்னைத் தவிர எல்லாத்தையும் ஏத்துது" என்றான் தம்பி, காரைத் தையல் கடை வாசலுக்கே பின்னால் உருட்டிக் கொண்டுவந்து. தையல்காரி கடைக்குள் திரும்பிச் சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"வித்துடுங்க. கல்யாணமானதுலேர்ந்து இதுக்கு என்னைப் பிடிக்கல. நானும் எவ்வளவு நாள்தான் சிரிச்ச மாதிரி இருக்கறது?"

இத்தனை வருஷக் கேலியும் வலித்திருக்கிறது என்பது வாத்தியாருக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மாவைத் தையல் கடையில் உட்கார வைத்தார்கள். மைத்துனன், பெல்ட்தான் வழுக்குகிறது போல என்று முனகிக்கொண்டே வீட்டில் விட்ட ஸ்பேனர் பையை எடுக்க மேலே நடந்தான். வாத்தியார் என்ன செய்வதென்று தெரியாமல் காரில் ஏறினார். கால் பழகிய பக்கம் ஏறிவிட்டது. அவருடைய பழைய சீட்.

வெயில் கதவு வழியாகக் காலடியில் விழுந்தது. பிரேக் மிதியின் ரப்பர் கடையிலிருந்து வந்தபடி வரிவரியாக இருந்தது. ஸ்கூல் மூடியபின் அதை அமுக்க யார் இருக்கிறார்கள்? பக்கத்தில் கதவோரத்து க்ளட்ச்சைப் பார்த்தார். அதன் வரிகள் வழுவழுவென்று தேய்ந்து, நடுவில் ஒரு பள்ளம். சின்னப் பாதத்தின் பள்ளம். அந்தச் செருப்பு அளவு அவருக்குத் தெரியும். போன மாதம்கூட அவர்தான் வாங்கி வந்தார்.

க்ளட்ச்சில் காலை வைத்துக்கொண்டு தூங்காதீர்கள், எஞ்சின் கத்தும், வண்டி நகராது, பிளேட்தான் தேயும் என்று ஊருக்கே சொன்ன வாய். தன் பக்கத்துக் காலை மட்டும் பார்க்கவில்லை. பார்ப்பது எங்கே, ஓட்டுகிறவர் கண் சாலையில் அல்லவா இருக்க வேண்டும்?

கடைக்குப் போய், இன்னும் ஒரே ஒரு தடவை என்று அம்மாவைக் கெஞ்சிக் கூட்டிவந்தார். வண்டி மேட்டுக்குத் திரும்பியது. மூக்கு நிமிர்ந்ததும் எஞ்சின் கத்த ஆரம்பித்தது. வாத்தியார் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், பல வருஷமாக எடுக்காத ஒரு குரலை எடுத்தார்.

"க்ளட்ச்சிலேர்ந்து காலை எடுங்க."

அம்மா திடுக்கிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் "எடுங்க" என்று சொன்னதே இல்லை. வாய் தானாகப் பதில் சொன்னது.

"சரிங்க சார்."

கால் விலகியது. கார் உதைத்துக்கொண்டு கிளம்பியது. ஊளை மெழுகு உதிர்ந்த கூரை ஓட்டைகளில் விசிலடிக்க, அம்மா இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார்.

"அது க்ளட்ச்சா? பிரேக்குன்னுல்ல நெனச்சேன்."

"பிரேக்கை எதுக்கு அமுக்கற? நான்தானே ஓட்டறேன்?"

"அன்னைக்கு இதே மேட்டுல நான் ஓட்டினப்ப பின்னால உருண்டுச்சு. நீங்க அமுக்கினீங்க. நிறுத்துனது நீங்களா நானான்னு கேட்டேன். ரெண்டு பேருந்தான்னு சொன்னீங்க."

அழுதுவிடுவாளோ என்று பயந்து சொன்ன பொய் அது. அவருக்கு மறந்தே போயிருந்தது.

"அதான், நீங்க ஓட்டினா நான் அமுக்கணும்ல" என்றார் அம்மா.

கேட்டில் மைத்துனன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். தன் சார்ஜரின் பெருமையை அங்கேயே ஆரம்பித்து, சாயங்காலத்துக்குள் தையல் கடைவரை கொண்டுபோய்ச் சேர்த்தான். வாத்தியாரும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆமாடா, நீ மட்டும் இல்லன்னா இன்னைக்கு என் கதி?" என்றார் அக்கா. தம்பி பூரித்துப்போனான். அடுத்த முறை மகள் வந்தாள், அம்மாவோடு காரில் ஏறி வாசலில் இறங்கினாள், காயலான் கடை ஆளுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றாள்.

அந்தப் பக்கத்து மிதிகளை இப்போதாவது கழற்றலாமா என்று மைத்துனன் கேட்டான். கால் வைக்க ஒரு இடம் வேண்டும் என்றார் அம்மா.

இப்போது டீ போட ஆள் முன்னால் போவதில்லை. இருவரும் சேர்ந்தே கேட்டைத் திறக்கிறார்கள். செய்திக்காகத் தையல் கடையில் மட்டும் வண்டி ஒரு நிமிஷம் நிற்கும். கிளம்பி மேட்டில் மூக்கை நிமிர்த்தும்போது, கடைக் கண்ணாடியில் விழும் காரின் பின்பக்கம், பின்பார்வைக் கண்ணாடி வழியே வாத்தியாருக்கு ஒரு நொடி தெரியும். அவர் கால் ஆக்ஸிலேட்டரில் இருக்கும், ஆனால் பின்னால் பிரேக் விளக்கு சிவப்பாக எரியும். இந்தத் தடவை சரியான மிதிதான். வாத்தியார் ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் அமுக்குவார். சூப்பர்சார்ஜருக்கும் ஒரு வேலை வேண்டாமா?