நான் மூடின தண்ணி

எங்க தோட்டத்துக்கு ஊத்துத் தண்ணி கொண்டுவந்ததுல நானும் ஒரு ஆளு. பெருமைக்குச் சொல்லல, நெசமாத்தான். கொழும்புல இருந்து தொண்டு செய்யிற பிள்ளைங்க குழாயும் சீமெந்தும் கொண்டாந்தாங்க. கீழ கிராமத்துல இருந்து ஒரு சிங்கள மேசன் பாஸ் வந்து டேங்கி கட்டிக் குடுத்தாரு. மண்ணு வெட்டுனது நாங்க. வீட்டுக்கு ஒரு ஆள் கூலியில்லாத சிரமதானத்துக்கு வரணும்னு காம்பரா காம்பராவா ஏறி எறங்கி, வராதவங்கள நார் நாராக் கிழிச்சு, இறப்பர் மலை உச்சியில இருந்து நாங்க குடியிருக்கிற லயம் வரைக்கும் குழாய் பொதைக்க வச்சது இந்த வாய்தான். மழ பேஞ்சா கலங்கிப் போற பள்ளத்து ஓடைப் பீலித் தண்ணியக் குடிச்சு புள்ளைங்களுக்கு வயித்தால போறது அதோட நின்னுச்சு.

மொத டேங்கி சின்னது. காலையில மேல் லயத்துக்கு, பின்னேரம் கீழ் லயத்துக்குன்னு முறை வச்சு வால்வத் திருப்பணும். சம்பளமில்லாத அந்த வேலைய நான் எடுத்துக்கிட்டேன். இறப்பர் பால் வெட்டுல இருந்து நின்னாச்சு, வீட்டுக்காரரு போய்ச் சேந்துட்டாரு, மக குவைத்துல, மகன் கொழும்புல ஒரு கடையில. சும்மா கெடந்து என்ன பண்ணப் போறேன்?

அடேயப்பா, அந்த நாளையில என் வாசலுக்கு வந்த கூட்டம்! "பெரியம்மா, இன்னும் தொறக்கலியா? சட்டி பானையெல்லாம் அப்படியே கெடக்கு." "அக்கா, மேல் லயத்துக்கு மட்டும் ஒரு மணித்தியாலம் கூட விட்டீங்களாமே?" நானும் விடமாட்டேன். "ஆமாடி, அவங்க எனக்கு மாமன் மச்சான், அதான் விட்டேன்"னு திருப்பிக் குடுப்பேன். திட்டிக்கிட்டே வருவாளுக, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவாளுக. கீழ கடை முதலாளி சிங்களத்துல என்னை "வதுர அக்கா"ம்பாரு, தண்ணியக்கான்னு அர்த்தம். அந்தப் பேரு எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

பெரிய டேங்கி வேணும்னு மனு எழுத வச்சதும் நான்தான். அந்தக் கொழும்புப் பிள்ளைங்க திரும்ப வந்தாங்க, கட்டினோம். இப்ப நாள் பூரா ரெண்டு லயத்துக்கும் தண்ணி. முறையும் இல்ல, சண்டையும் இல்ல. தொறந்து வச்ச அன்னைக்கு எனக்கு மாலை போட்டாங்க. மறுநாள் காலையில வழக்கம்போல தேத்தண்ணிக்குக் கொதிக்க வச்சுட்டு உக்காந்திருந்தேன். ஒருத்தியும் வரல.

ஒரு மாசம் போச்சு, ரெண்டு மாசம் போச்சு. வீட்டுக்கு வீடு குழாய் ஓடுற சத்தம் கேக்கும். மொதல்ல எனக்குக் கோவம் வந்துச்சு, அப்புறம் அழுகை வந்துச்சு. மகளுக்கு போன் போட்டா "வேலையில இருக்கேம்மா"ங்கும். சில நாளு பொழுது சாயிற வரைக்கும் வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

அப்படி ஒரு ஞாயித்துக்கெழம, விடிஞ்சதும் மலைக்கு ஏறிப் போய் பெரிய டேங்கி வால்வ மூடிட்டேன். ஆமா, நானேதான், வேணும்னேதான். "அக்கா, தண்ணி வரல"ன்னு ஒருத்தியாவது என் வாசலுக்கு வந்து கேக்கட்டும், கேட்ட நிமிசம் போய்த் தொறந்துருவேன்னு நெனச்சேன்.

எவ கேட்டா? எங்க பக்கம் தண்ணி நின்னா காட்டுப்பன்னி மேலதான் பழி. குழாய் பொதைச்ச எடத்துல மண்ணு பொலபொலன்னு இருக்கும், பன்னி கிண்டி ஒடைச்சிரும். முன்ன ரெண்டு தடவ அப்படி நடந்துருக்கு. பெரிய டேங்கி வந்ததுல இருந்து வால்வுன்னு ஒண்ணு இருக்கிறதே எவனுக்கும் நெனப்பில்ல. எட்டு மணிக்கெல்லாம் ஆம்பளைங்க மம்பட்டியத் தூக்கிக்கிட்டு குழாய் போன வழியெல்லாம் தோண்ட ஆரம்பிச்சுட்டாங்க. பொம்பளைங்க வாளியோட பழைய பீலிக்கு எறங்கிட்டாங்க. அவளுக சிரிக்கிற சத்தம் பள்ளத்துல இருந்து என் இஸ்தோப்புத் திண்ணை வரைக்கும் கேட்டுச்சு. பாவி, ஊருக்கே லீவு நாளக் கெடுத்துப்புட்டேனேன்னு எந்திரிச்சு வாசலுக்கு வந்தேன். போய்த் தொறக்கலாம்னா வழியெல்லாம் ஆளு.

பதினொரு மணி போல பக்கத்துக் காம்பராக்காரி வந்தா. ஒரு கோழித் தகராறுல ஆறு மாசமா என்கூடப் பேசாதவ. முட்டி வீங்கி கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு அலையிறவ. ரெண்டு கையாலயும் ஒரு வாளித் தண்ணியத் தூக்கிக்கிட்டு, நாலடிக்கு ஒருக்க நின்னு நின்னு வந்து என் இஸ்தோப்புல வச்சா.

"காலையில இருந்து பீலிப் பக்கம் உங்களக் காணல. ஒத்த ஆளு, மேலுக்குச் சொகமில்லையோன்னு பயந்துட்டேன்க்கா" அப்படின்னா.

பாய எடுத்துப் போட்டேன். "உக்காரு"ன்னு மட்டும் சொன்னேன். அவ கொண்டாந்த தண்ணியிலயே தேத்தண்ணி போட்டேன். செத்துப்போன கோழியில ஆரம்பிச்சு அவ மருமக வரைக்கும் ஒரு மணித்தியாலம் பேசினோம். எவ்வளவு நாளாச்சு! போகும்போது செவத்தப் பிடிச்சுத்தான் எந்திரிச்சா. "நாளைக்கும் தண்ணி வரலைன்னா யோசிக்காதீங்க, நானே கொண்டாந்து தாரேன்."

நாளைக்கும் வருவா. மூடியே வச்சிருந்தா நாளான்னைக்கும் வருவா. அத நெனச்சேன், இல்லைன்னு பொய் சொல்லல. ஆனா அந்த முட்டி.

ஆம்பளைங்க சோத்துக்குப் போன நேரம் பாத்து, குறுக்குப் பாதையால ஏறிப் போய்த் தொறந்துவிட்டேன். எறங்கி வரும்போதே லயத்துல ஒரே கூச்சல். அவ தன் வாசக் குழாயடியில நின்னா. என்னைப் பாத்ததும், "பாத்தீங்களாக்கா, வந்துருச்சு! இனி உங்களுக்குக் கஷ்டமில்ல"ன்னு சிரிச்சா. வாளிய ரொப்பிக்கிட்டு உள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டா.