சாம்பார்க் கைக்கு ஒரு பட்டன்

பல நாட்டு ஓட்டல்களுக்கு ஆர்டர் திரை செய்து கொடுக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு சின்னத் திரை. அதைத் தட்டி வேண்டியதைச் சொல்லலாம். சென்னைக்கு ஏற்றபடி அதை வடிவமைத்தது நான்தான். அடையாறு ஆபீசில், ஏசி அறையில், இருபது பேரைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். எல்லோரும் "சூப்பர்" என்றார்கள். நானும் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

மயிலாப்பூரில் ஒரு டிபன் ஓட்டலில் வைத்தோம். ஒவ்வொருவரிடமிருந்தும் முதல் ஆர்டர் ஒழுங்காக வந்தது. அதற்குப் பிறகு யாரும் ஒரு காபிக்குக்கூடத் திரையைத் தொடவில்லை. ஜெர்மனியிலிருந்து வந்திருந்த என் மேலதிகாரி, சென்னை வேலையை மூடுவதாக மெயில் எழுதி வைத்துவிட்டார். மாலையில் அனுப்பப் போகிறாராம். என் ஆறு மாத உழைப்பு! கடைசியாக ஒரு முறை நேரில் பார்த்துவிடலாம் என்று கெஞ்சி, காலையிலேயே அந்த அம்மாளை ஓட்டலுக்கு இழுத்துப் போனேன்.

பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சாம்பார் வடை வாங்கினோம். அவர் ஸ்பூனால் சாப்பிட்டார். பாதியில் திரையைத் தட்டி ஒரு காபி சொன்னார். நன்றாகத்தானே வேலை செய்கிறது, உங்கள் ஊருக்குத்தான் பிடிக்கவில்லை என்றார். எனக்குச் சுருக்கென்றது. இதோ பாருங்கள் என்று நானும் கையை நீட்டினேன். விரலில் சாம்பார் சொட்டியது. நீட்டிய கை அப்படியே நின்றது.

"எச்சில் கையால அத யாரு தொடுவாக்கா?" என்றார் தண்ணீர் வைக்க வந்த சப்ளையர். "எல்லாரும் என்னத்தான் கூப்ட்டுக்கினு கீறாங்க."

திரை இருந்தது வலப்பக்கம். இடக்கையால் தொட வேண்டுமானால் தட்டைத் தாண்டி வளைய வேண்டும். அங்கே வைத்த புண்ணியவதி நான்தான். பிறந்ததிலிருந்து கையால் சாப்பிடுகிறேன். சோதனைக்கு வந்தவர்களுக்கு ஒரு இட்லி கொடுத்துப் பார்க்கத் தோன்றவில்லையே! என் மடத்தனத்தை நினைத்துச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

மேலதிகாரி புரியாமல் விழித்தார். ஸ்பூனை வாங்கி வைத்துவிட்டு, கையால் சாப்பிடுங்கள் என்றேன். ஐந்து விரலிலும் சாம்பாரோடு வடையை முடித்தார். இன்னொன்று கேட்கத் திரையைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள்.

சப்ளையர் திரையை இடப்பக்கம் நகர்த்தி வைத்தார். மேலதிகாரி இடக்கையால் தட்டினார், இரண்டு வடை. அதே கையால் போனை எடுத்து, தடுமாறித் தடுமாறி அந்த மெயிலைத் தேடிப் பிடித்து, என் கண் முன்னாலேயே அழித்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ள எனக்கும் இடக்கைதான் மிச்சமிருந்தது.