கரண்ட் இல்லாத நாளில் ஒரு ரெக்கார்டிங்

கிட்டாரில் ஏ மைனர் கார்டைப் பிடித்து வலது கையை ஓங்கி இறக்கிய நொடியில் கரண்ட் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த எங்கள் தறிகள் நின்றன. பக்கத்து வீட்டுத் தறி, எதிர்வீட்டுத் தறி, தெருக்கோடித் தறி என்று எல்லாமே நின்றன. என் கிட்டார் மட்டும் நிற்கவில்லை. கம்பியில் எழுந்த சத்தம் மெல்லத் தேய்ந்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் இடம்வரை போய் அடங்கியது. கிட்டார் சத்தத்துக்கு இப்படி ஒரு வால் உண்டென்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை தறிகள் அந்த வாலைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தன.

எங்கள் பக்கம் மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். காலையில் போனால் சாயங்காலம்தான் வரும். எல்லோரும் சலித்துக்கொள்ளும் நாள் அது. எனக்கு மட்டும் அந்த நிமிஷத்தில் தலைக்குள் விளக்கு எரிந்தது. அடுத்த மாதம் கரண்ட் நிற்கும் நாளில் ரெக்கார்டிங்கை முடித்துவிட வேண்டும்.

அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடம் பெரியது, விடுதியோடு கூடியது. ராசிபுரத்துக்கும் அங்கிட்டு, நாமக்கல் போகிற வழியில் இருந்தது. வெண்ணந்தூரிலிருந்து வேனில் போய்வரும் சில பேரில் நானும் ஒருத்தி. ஆண்டுவிழா மேடைக்குக் கிட்டார் குழு ஒன்றை அமைக்கப்போவதாக மியூசிக் சார் அறிவித்திருந்தார். வீட்டிலேயே வாசித்து ரெக்கார்டு செய்து அனுப்ப வேண்டும், பின்னணியில் எந்தச் சத்தமும் இருக்கக் கூடாது என்பது அவருடைய உத்தரவு. என்னிடம் கிட்டார் இருந்தது. போர்வெல் வண்டியில் வடக்கே வேலைக்குப் போய்த் திரும்பிய மாமா, எங்கேயோ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தது. வாசிக்கவும் கற்றுக்கொண்டிருந்தேன், எல்லாம் வீடியோ பார்த்து. இல்லாதது அந்த 'எந்தச் சத்தமும் இல்லாத' இடம் ஒன்றுதான்.

முதலில் தறி ஓடும்போதே ஒன்று எடுத்து அனுப்பினேன். சார் அதை வகுப்பில் எல்லோருக்கும் போட்டுக் காட்டி, "ஏம்மா, ரயில்ல உக்காந்து வாசிச்சியா?" என்றார். வகுப்பு சிரித்தது. விடுதிப் பிள்ளைகள் கூடுதலாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடும்.

அதைவிட ஆத்திரம் அந்த வீடியோக்களின் மேல். வீட்டிலேயே ரெக்கார்டிங் செய்வது எப்படி என்று சொல்ல வந்த அத்தனை பேரும் ஒரே வாக்கியத்தில்தான் ஆரம்பித்தார்கள்: முதலில் அமைதியான ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுக்க வேண்டுமாம். ஏதோ எங்கள் வீட்டில் அறைகள் வரிசையாக நின்று என்னை எடு, என்னை எடு என்று கேட்பதுபோல. அடுத்த வாக்கியம், மின்விசிறியை அணைத்துவிடுங்கள் என்பது. இவர்களுக்கு மின்விசிறிதான் சத்தம்! எங்கள் வீட்டில் மின்விசிறி ஓடுகிறதா என்று அண்ணாந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனாலும் அவர்கள் சொன்ன மற்றதையெல்லாம் அக்கறையாகக் கற்றேன். செல்போனைக் கிட்டாரின் ஓட்டைக்கு நேரே வைத்தால் குடத்துக்குள் பேசுவதுபோலக் கும்மும், கழுத்து உடம்போடு சேருகிற இடத்தைப் பார்த்து வைத்தால் தெளிவாக விழும் என்பது தெரிந்தது. பீரோவைத் திறந்துவைத்தால் உள்ளே தொங்கும் சேலைகள் எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும். எங்களிடம் சேலைக்குப் பஞ்சமில்லை. அதோடு சுவருக்கு அந்தப் பக்கத்துத் தறிப் பட்டறையிலிருந்து கழிவுநூல் மூட்டைகளை இழுத்து வந்து அறையின் மூலைகளில் அடுக்கினேன். அம்மா கதவருகில் நின்று பார்த்துவிட்டு, "ஊட்டுக்குள்ள குடோன் வெக்கறியா அம்மிணி?" என்று கேட்டாள். ஒரு நாளைக்கு மட்டும் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சிச் சம்மதம் வாங்கினேன்.

அந்த நாளும் வந்தது. காலையில் கரண்ட் போனது. தறிகள் நின்றன. குடைக்கம்பியில் செல்போனைக் கட்டித் தொங்கவிட்டு, பட்டனை அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, தண்ணி வந்துருச்சுங்களா?" என்று எதிர்வீட்டுப் பெரியம்மாவின் குரல் என் அறைக்குள்ளேயே கேட்டது.

தறிக்காரர்கள் நாங்கள், தறி நின்றாலும் தறி ஓடுவதாக நினைத்துத்தான் பேசுவோம். பிறந்ததிலிருந்து அந்த இரைச்சலைத் தாண்டிப் பேசிப் பழகிய தொண்டைகள். மற்ற ஊரில் சண்டை என்று நினைக்கும் சத்தத்தில்தான் எங்கள் தெருவில் ரகசியம் பேசுவார்கள். அன்றைக்கோ எல்லோருக்கும் ஓய்வு. தெரு முழுக்க வெளியே வந்து உட்கார்ந்திருந்தது. பெரியம்மா தண்ணீரைப் பற்றிக் கேட்டாள், அம்மா சமையலறையிலிருந்தே பதில் சொன்னாள், இடையில் ஒருவர் கல்யாண விஷயம் ஒன்றை நுழைத்தார். ஒவ்வொரு தடவையும் நான் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். கடைசியில் பொறுக்கமுடியாமல் கிட்டாரைக் கட்டிலில் வீசிவிட்டு வாசலுக்கு ஓடி, "உங்களுக்கெல்லாம் வாயே மூடாதா?" என்று கத்தினேன்.

தெரு சட்டென்று திரும்பிப் பார்த்தது. அம்மா முகம் சிவந்தது. அடி விழுந்திருக்கும். ஆனால் பட்டறை வாசலில் தறிச் சாமானை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா எழுந்தார். தறி நிற்கும் நாளில் அவர் முகமும் நல்லபடியாக இருக்காது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வீடு வீடாகப் போக ஆரம்பித்தார்.

"என்ற பொண்ணு பள்ளிக்கூடத்துக்குப் பாட்டு வாசிச்சு அனுப்பறாளுங்க. செத்த நேரம் சத்தமில்லாம இருங்க."

"பாட்டா? பாடச் சொல்லுங்க, நாங்களும் கேக்கறோம்" என்றாள் பெரியம்மா.

"கேளுங்க. வாயத் தொறக்காமக் கேளுங்க."

தெரு அடங்கியது. நான் பிறந்ததிலிருந்து அந்தத் தெரு அப்படி அடங்கி நான் பார்த்ததில்லை. ஒருவர் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ஜன்னலுக்கு வெளியே பெரியம்மாவும் இன்னும் சிலரும் சுவரோரம் சாய்ந்திருந்தார்கள். அப்பா அறை வாசலில் கையில் எண்ணெய்த் துணியோடு நின்றார். வாசி என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

வாசித்தேன். கை என் பேச்சைக் கேட்கவில்லை. முதல் வரியிலேயே ஓட ஆரம்பித்தது. நிறுத்திப் பிடித்தால் நொண்டியது, விட்டால் மறுபடி ஓடியது. மேலிருந்து கீழே ஒரு அடி, கீழிருந்து மேலே ஒரு அடி. இத்தனை மாதமாகத் தூக்கத்தில்கூட வந்த அந்தச் சாதாரண ஸ்ட்ரம்மிங் எங்கே போனதென்றே தெரியவில்லை. விரலிடுக்கில் பிடித்திருந்த பிக் கம்பியை அடிக்கும் சத்தம் தகரத்தில் ஆணி கீறுவதுபோல இருந்தது. இடது கையால் நான் நசுக்கிய நசுக்கில் சுருதியும் ஏறிப்போயிருந்தது. கழுத்திலிருக்கும் ஃபிரெட்டில் கம்பி லேசாகப் பட்டால் போதும், போட்டு அமுக்கினால் சுருதி மேலே போய்விடும் என்பதெல்லாம் அப்போது யார் கண்டது? மறுபடி வாசித்தேன். அதற்கப்புறம் மறுபடியும். தெரு பொறுமையாக வாயை மூடிக்கொண்டிருந்தது. அந்தப் பொறுமைதான் என்னை அதிகம் கொதிக்கவைத்தது. யாராவது ஒருவர் இருமியிருந்தால்கூட அவர் தலையில் பழியைப் போட்டிருப்பேன்.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன் சாமி, இன்னிக்கு மட்டும் இப்பிடி ஓடுது?" என்றார்.

அவ்வளவுதான். அடக்கிவைத்ததெல்லாம் வெடித்தது. எல்லாம் உங்கள் தறியால்தான், அதனால்தான் பள்ளிக்கூடத்தில் சிரிக்கிறார்கள், இந்த வீட்டில் மனுஷி ஒருத்தி ஒழுங்காக ஒன்று செய்யமுடியாது, இந்தத் தறியெல்லாம் எரிந்து போகட்டும் என்று அழுதுகொண்டே கத்தினேன். ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். அப்பா எண்ணெய்த் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார்.

இருந்ததில் சுமாரான ஒன்றை அனுப்பிவைத்தேன்.

சாயங்காலம் கரண்ட் வந்தது. சுவரை ஒட்டிய தறி முதலில் கிளம்பியது. நான் அழுகை காயாமல் கட்டிலில் உட்கார்ந்து, உடைத்துவிடலாமா என்ற யோசனையோடு கிட்டாரை மடியில் வைத்திருந்தேன். கோபத்தில் ஓங்கி அடித்தேன். அடுத்த அடி தானாக விழுந்தது, அதற்கடுத்ததும் விழுந்தது. பாட்டு முழுக்க எங்கும் தடுக்காமல் வந்து முடிந்தது. செல்போன் குடைக்கம்பியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ரெக்கார்டு பட்டனை அழுத்தவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அப்பா பட்டறைக் கதவு வழியாகத் தலையை நீட்டினார். "இப்பச் சரியா வருது பாரு. இதைப் புடிச்சு அனுப்பேன்."

கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். காலையில் அவ்வளவு பேசியதற்குப் பழி வாங்குகிறார் என்று நினைத்தேன். கதவை அறைந்து சாத்தி, கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன். குழுவில் என் பெயர் வரவில்லை. கையில் தாளம் நிலைக்கவில்லை என்று சார் ஒரே வரியில் பதில் போட்டிருந்தார். ஆண்டுவிழாவன்று விடுதிப் பிள்ளைகள் மேடையில் வாசிக்க, நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தேன்.

இப்போது கோயம்புத்தூரில் கல்லூரி. விடுதி அறை, நல்ல அமைதி. ஓர் உருப்படியான மைக்கும் வாங்கியிருக்கிறேன். அந்த அமைதியான அறையில் என் கை இன்னும் ஓடுகிறது. தாளம் தட்டும் மெட்ரோனோமைக் காதில் மாட்டிக்கொண்டால் கொஞ்சம் அடங்குகிறது, ஆனால் உயிர் போய்விடுகிறது. போன மாதம் அம்மா போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அவள் பேசப் பேச மடியிலிருந்த கிட்டாரைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவள் குரலுக்குப் பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. என் கை அந்தத் தாளத்தின்மேல் போய் உட்கார்ந்துகொண்டதைக் கண்ணால் பார்த்தேன். தறியில் நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா இந்தப் பக்கம் போகும்போது கீழ்நோக்கி ஓர் அடி, அந்தப் பக்கம் திரும்பும்போது மேல்நோக்கி ஓர் அடி. யாரும் சொல்லிக்கொடுக்காமல், எனக்கே தெரியாமல், நான் அதோடு சேர்ந்துதான் வாசிக்கக் கற்றிருக்கிறேன். அப்படி முரட்டுத்தனமாக அடிக்கவும் அழுத்தவும் பழகியதும் அதன் இரைச்சலுக்கு மேலே என் கிட்டார் எனக்குக் கேட்கவேண்டும் என்பதற்காகத்தான்.

அம்மா பேசி முடித்த பிறகும் எனக்கு ஆத்திரம் தணியவில்லை. என்னைக் கெடுத்தது தறியா, சத்தமே இருக்கக் கூடாது என்று சொன்னவர்களா என்று இன்றைக்கும் தீர்மானிக்க முடியவில்லை. இரண்டு பேர் மேலும் கோபம் இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் அப்பா அன்றைக்குக் கேலி செய்யவில்லை. காதில் விழுந்ததைச் சொன்னார், அவ்வளவே. அந்த ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு அது விளங்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று ஒருவர் உள்ளபடியே சொல்லக்கூடும் என்பதே அவளுக்குத் தெரியாது.

இப்போது விடுமுறைக்கு வந்திருக்கிறேன். சுவரை ஒட்டிய தறியை முதலில் ரெக்கார்டு செய்யப்போகிறேன். மைக்கைப் பட்டறைக்குள் வைத்தால் சத்தம் உடைந்துவிடுகிறது, நேற்றே பார்த்துவிட்டேன். அதனால் சுவரின் மேலே காற்றுக்காக விட்டிருக்கும் ஓட்டையில் பழைய சேலையை அடைத்து, அதற்கு இந்தப் பக்கம் மைக்கைத் தொங்கவிட வேண்டும். அதன்மேல் கிட்டாரை வாசித்துச் சேர்க்க வேண்டும். தறிச் சத்தத்தைக் கழுவித் துடைத்து எடுக்கும் மென்பொருள் நிறைய இருக்கிறது. அதில் ஒன்றையும் நான் தொடப்போவதில்லை. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் தறி கொஞ்சம் சோம்பும். பாட்டும் கூடச் சேர்ந்து சோம்பட்டும்.

"பாவு நூலு தீரப்போகுது. தீந்துட்டா மறுபாவு பூட்டற வரைக்கும் தறி நிக்கும்" என்றார் அப்பா, காப்பியைக் குடித்துக்கொண்டே. "புடிக்கறதுன்னா காலைலயே வந்து புடிச்சுக்க."

வாரேன் என்றேன். சேலையை எடுத்துவைத்தாயிற்று. ஏணிதான் வேண்டும்.